மனையுறை பூனை

நுழையும்முன்

மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் தன் இயல்பை முழுதும் விட்டுக்கொடுக்காத உயிர் பூனை. அதனை வளர்க்க அன்பு வேண்டும். அன்போடு அறிவும் வேண்டும். பால் வார்ப்பதும் மருந்து கொடுப்பதும் தரையைத் தூய்மை செய்வதும்கூட அறியாது செய்தால் அதற்குத் தீங்காக முடியலாம். மலைக்கோயில் நகரமாகிய திருத்தணியின் சூழலை முன்வைத்துப் பூனையின் நலத்தையும் காப்பையும் விளக்குகிறது இக்கட்டுரை.

தமிழர் அறிந்த பூனை

பூனையைத் தமிழ்மக்கள் நெடுங்காலமாக உற்றுநோக்கி வந்துள்ளனர். காட்டுப்பூனையை அவர்கள் 'வெருகு' என்றனர். வெருகைப் 'பூசை' என்று அழைக்கும் வழக்கத்தையும் அதன் இளமைப் பெயர் 'குட்டி' என்பதையும் தொல்காப்பிய மரபியல் பதிவு செய்துள்ளது. பறம்பு நாட்டைப் பாடிய கபிலர், முல்லையின் அரும்புக்கு வெருகுக் குட்டியின் கூரிய பல்லை உவமையாக்கினார். மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகு வரக்கண்டு தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் பெட்டைக்கோழியைக் குறுந்தொகையில் காணலாம். கம்பரோ, இராமகாதையைப் பாட முனைந்த தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க விழைந்த பூனைக்கு ஒப்பிட்டு அவையடக்கம் உரைத்தார்.

இவற்றுள் வெருகு வேலிக்கு வெளியே நிற்பது. பூனை அடுப்பங்கரைக்கு உள்ளே வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவானது. வீட்டுப்பூனையின் பல்லும் நகமும் செரிமானமும் அச்சமும் இன்றும் வேட்டை விலங்கிற்கு உரியனவே. பூனை வளர்ப்பில் நிகழும் பெரும்பாலான பிழைகள் இவ்வுண்மையை மறப்பதால் விளைகின்றன.

களஞ்சியம் தேடி வந்த விருந்தாளி

ஆடுமாடுகளை மனிதர் பிடித்துப் பழக்கினர். பூனை தானாகவே வந்தது. மேற்காசியாவில் வேளாண்மை தொடங்கியபோது தானியக் களஞ்சியங்கள் தோன்றின. தானியத்தை நாடி எலிகள் வந்தன. எலிகளை நாடிக் காட்டுப்பூனைகள் வந்தன. இன்றைய வீட்டுப்பூனைகள் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதை மரபணு ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றன் அருகே பூனையின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்ட செய்தி 2004ஆம் ஆண்டு வெளியாயிற்று. அத்தீவில் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆகவே, மனிதர் அதனைப் படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

தணிகையின் சூழல்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது திருத்தணி. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இவ்வூரின் மலைக்கோயிலை ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் ஏறி அடையலாம். ஆடிக்கிருத்திகையில் காவடி ஏந்திய பல்லாயிரவர் இங்குத் திரள்வர். ஆண்டின் இறுதிநாளில் படித்திருவிழா நடைபெறும். சென்னை, திருப்பதி நெடுஞ்சாலையும் அரக்கோணம், ரேணிகுண்டா இருப்புப்பாதையும் இவ்வூரைத் தொட்டுச் செல்கின்றன. கோடையில் தமிழ்நாட்டிலேயே மிகுந்த வெப்பம் பதிவாகும் ஊர்களின் வரிசையில் திருத்தணியின் பெயர் அடிக்கடி இடம்பெறுகிறது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தறியின் ஓசை இன்றும் கேட்கிறது.

கூட்டம், வாகனம், வெடியோசை, வெயில், நூல் ஆகிய ஐந்தும் மனிதர்க்கு இயல்பானவை. பூனைக்கோ இவை ஒவ்வொன்றும் இடர் தரக்கூடியவை.

உணவு: ஊனுண்ணியின் தேவை

பூனை ஊன் உண்டே வாழவேண்டிய உடலமைப்புக் கொண்டது. 'டாரின்' என்னும் அமினோ அமிலத்தை அதன் உடல் போதிய அளவு உருவாக்கிக்கொள்ள இயலாது. இறைச்சி, மீன் முதலியவற்றிலிருந்தே அதனைப் பெறவேண்டும். டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை சிதைந்து பார்வை மங்கும். இதயத்தசை தளர்ந்து விரிவடையும். இக்குறை உடனே வெளிப்படாது, பல திங்கள் கழித்தே தெரியவரும். எனவே தயிர்ச்சோற்றையும் பால்சோற்றையும் மட்டும் உண்ணும் பூனை கொழுத்துத் தோன்றினும் உள்ளே நலிந்துகொண்டிருக்கலாம்.

புலால் சமைக்காத இல்லங்கள் பல உள்ள கோயில் நகரில் இது எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தியாகும். பூனைக்கென உருவாக்கப்பட்ட உலர் உணவில் டாரின் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் ஊன் சமைக்க விரும்பாதோர் அதனை வாங்கி அளிக்கலாம். நாய்க்கான உணவு பூனைக்குப் பொருந்தாது. அதன் தேவைக்கேற்ற அளவில் டாரினும் புரதமும் நாய் உணவில் இருப்பதில்லை.

'பூனைக்குப் பால்' என்பது தமிழில் இணைபிரியாத தொடராகிவிட்டது. ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. அவற்றிற்குப் பால் வயிற்றுப்போக்கையே தரும். தூய குடிநீரே அவற்றிற்கு ஏற்றது. வறண்ட நிலத்தில் தோன்றிய இனமாதலால் பூனை இயல்பாகவே குறைவாக நீர் அருந்தும். உணவுத் தட்டிற்குச் சற்றுத் தள்ளி, வீட்டின் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கிண்ணங்களில் நீர் வைத்தல் நன்று.

அன்பால் விளையும் நஞ்சு

காய்ச்சலுற்ற பூனைக்கு மனிதர் உண்ணும் 'பாரசிட்டமால்' மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. மனிதரின் கல்லீரல் இத்தகைய பொருள்களை ஒரு வேதிமாற்றத்தால் நீரில் கரையச்செய்து வெளியேற்றிவிடுகிறது. பூனையின் கல்லீரலில் அம்மாற்றத்திற்குரிய நொதியின் செயற்பாடு மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும், குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும், ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும்.

தரை துடைக்கப் பயன்படும் பினாயில் வகைகளும் இக்காரணத்தாலேயே பூனைக்குத் தீங்காகின்றன. ஈரத்தரையில் நடக்கும் பூனை தன் பாதங்களை நக்கித் தூய்மை செய்யும்போது அப்பொருள் வயிற்றினுள் செல்கிறது. நாய்களின் உண்ணியைப் போக்கும் மருந்துகளுள் 'பெர்மெத்ரின்' கலந்தவை பூனைக்கு வலிப்பை உண்டாக்கி உயிரைப் பறிக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், கற்பூரம் ஆகியனவும் விலக்கத்தக்கன.

செடிகளிலும் கருத்துத் தேவை. பூச்சாடிகளில் அழகுக்கு வைக்கும் லில்லி மலர்களின் மகரந்தத்தை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். அரளி முழுவதும் நஞ்சு. தமிழ்நாட்டின் மாநில மலரும் முருகனுக்கு உரியதெனப் போற்றப்படுவதும் ஆகிய செங்காந்தள், 'கால்ச்சிசின்' என்னும் கொடிய நச்சைத் தன் கிழங்கில் மிகுதியாகக் கொண்டது.

நூலும் நாவும்

நூலுருண்டையோடு விளையாடும் பூனை ஓவியங்களில் அழகாகத் தோன்றும். உண்மையில் நூல் அதற்குப் பெரும் பகை. பூனையின் நாவில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. உரோமத்தைச் சீவவும் எலும்பிலிருந்து ஊனை வழிக்கவும் உதவும் அம்முட்களே, வாயிற் சிக்கிய நூலை வெளியே துப்பவிடாமல் உள்ளே தள்ளுகின்றன. நீண்ட நூலின் ஒருமுனை நாவின் அடியிலோ இரைப்பையிலோ சிக்க, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அசையுந்தோறும் நூல் வாள்போல் அதனை அறுக்கும். பூனையின் வாயிலோ எருவாயிலோ நூல் தொங்கக் கண்டால் இழுத்தல் கூடாது. உடனே கால்நடை மருத்துவரை நாடவேண்டும். தறியும் தையற்பொறியும் உள்ள இல்லங்களில் கழிவு நூலையும் ஊசியையும் மூடியுள்ள கலத்தில் இட்டு வைத்தல் ஓர் உயிரைக் காக்கும் சிறுபழக்கமாகும்.

கத்திரி வெயில்

பூனையின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 செல்சியஸ் வரை. மனிதரைப்போல் அதற்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டுமே சிறிது வியர்க்கும். உரோமத்தை நக்கி ஈரமாக்கியும் நிழலில் படுத்தும் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. வெளியே வெப்பம் 40 செல்சியசைக் கடக்கும் நாள்களில் இவ்வழிகள் போதா. பூட்டிய அறை, தகரக்கூரைக் கொட்டகை, நிறுத்தி வைத்த மகிழுந்து ஆகியவற்றினுள் அகப்பட்ட பூனை சிறுபொழுதில் உயிரிழக்கக் கூடும்.

நாய் மூச்சிரைத்தல் இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தல் ஆபத்தின் அறிகுறி. எச்சில் வடிதலும் தள்ளாடுதலும் அதனைத் தொடரும். அந்நிலையில் பூனையை நிழலுக்குக் கொண்டுசென்று, வயிற்றையும் பாதங்களையும் ஈரத்துணியால் நனைத்து, விசிறிக்காற்றுப் படச்செய்து, காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் எடுத்துச்செல்ல வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதல் கூடாது.

நோய் வருமுன் காத்தல்

பூனைக்குட்டிகளை மிகுதியாகக் கொல்வது 'பேன்லூக்கோபீனியா' என்னும் தீநுண்மி நோய். இரத்த வெள்ளணுக்களை அழித்து, கடும் வாந்தியையும் கழிச்சலையும் இந்நோய் உண்டாக்கும். இத்தீநுண்மி பூனையின் உடலுக்கு வெளியே ஓராண்டு வரையிலும் அழியாது இருக்கவல்லது. ஆகவே, நோயால் ஒரு குட்டி இறந்த வீட்டிற்குத் தடுப்பூசி போடாத மற்றொரு குட்டியைக் கொண்டுவருதல் தீங்கை அழைப்பதாகும். இந்நோயையும் சுவாச நோய்கள் இரண்டனையும் தடுக்கும் முத்தடுப்பூசியை ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை போடுவர். பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் ஊக்க ஊசி போடப்பெறும்.

வெறிநோய்த் தடுப்பூசி ஏறத்தாழ மூன்றாம் திங்களில் போடப்படுகிறது. வெறிநோய் நாயால் மட்டுமே பரவும் என்பது தவறான எண்ணம். நோயுற்ற பூனையின் கடியும் கீறலும் அதனைப் பரப்பும். பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தையோ மருத்துவமனையையோ அணுகவேண்டும். அறிகுறி தோன்றியபின் வெறிநோய்க்கு மீட்சி ஏறத்தாழ இல்லை. உரிய காலத்தில் போடும் ஊசி உயிரைக் காக்கும். 1907ஆம் ஆண்டு குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிறுவனம் தென்னிந்தியாவில் வெறிநோய்த் தடுப்பிற்கு நெடுங்காலம் பணியாற்றி வருகிறது.

பூனை தன் நோவை மறைக்கும் இயல்பினது. வேட்டையாடும் உயிராயினும் பெரிய விலங்கிற்கு இரையாகவும் கூடியது என்பதால் தன் நலிவை அது வெளிக்காட்டுவதில்லை. உண்ணாமை, ஒதுங்கிப் படுத்தல், உரோமத்தை நக்காமை ஆகியவை அது பேசாமல் பேசும் மொழி. ஆண்பூனை சிறுநீர் கழிக்க மீண்டும் மீண்டும் முயன்றும் இயலாது கத்துமாயின், சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். 'நாளை பார்ப்போம்' என்று இருந்தால் ஓரிரு நாளில் உயிர் பிரியும்.

தொலையாமல் காத்தல்

பூனை வழிதவறுவதற்குக் காரணங்கள் மூன்று: இணைதேடல், அச்சம், ஆர்வம். இணைதேடி அலைவதைக் கருத்தடை அறுவை பெரிதும் குறைக்கும். ஐந்து அல்லது ஆறு திங்கள் நிறைந்த பூனைக்கு இதனைச் செய்யலாம். பெண்பூனையின் சூல்காலம் ஏறத்தாழ 63 நாள்களே. ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை அது குட்டி ஈனும். வளர்க்க ஆளின்றிச் சந்தையிலும் சாலையிலும் விடப்படும் குட்டிகளின் துன்பம், கருத்தடை செய்யாத வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

மனிதரின் செவி 20,000 அதிர்வுகள் வரையே உணரும். பூனையின் செவியோ 60,000 அதிர்வுகளுக்கு மேலும் உணரவல்லது. ஒலிபெருக்கியும் தீபாவளி வெடியும் அதற்கு எத்தகைய அதிர்ச்சியைத் தரும் என்பதை இதிலிருந்து உணரலாம். ஆடிக்கிருத்திகை நாளில் விருந்தினர் வருவதும் போவதுமாக இருக்கையில் வாயிற்கதவு திறந்தே கிடக்கும். அஞ்சிய பூனை அவ்வழியே ஓடிவிடும். திருவிழா நாள்களில் உணவு, நீர், மணற்பெட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவற்றோடு உள்ளறை ஒன்றில் அதனை வைத்துக் கதவைச் சாத்துதல் வேண்டும்.

ஆர்வத்தால் நேரும் இடர் வாகனங்களில் உள்ளது. வெம்மையை நாடி இயந்திரப் பகுதியிலும் மணத்தை நாடிச் சரக்கு ஏற்றும் இடத்திலும் பூனை நுழையும். திருத்தணியில் சரக்குந்து ஒன்றில் ஏறிக்கொண்ட பூனை சிறிது நேரத்தில் நகரியிலோ புத்தூரிலோ இறங்கக்கூடும். அது வேறு மாநிலம், மக்கள் பேசும் மொழியும் வேறு. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றிவந்த சரக்குப் பெட்டகத்தினுள் பூனை ஒன்று கடல்கடந்து சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்தது. கொரோனா அச்சம் மிகுந்திருந்த அக்காலத்தில் அது தனிமைப்படுத்தப்பட்டது. விலங்குநல ஆர்வலர்களின் வேண்டுகோளுக்குப் பின்னர் விடுவிக்கப்பட்டது. ஒரு கதவு மூடப்படுமுன் உள்ளே நோக்காமை எத்தனை தொலைவிற்கு ஓர் உயிரைக் கொண்டுசெல்லும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

எனவே பூனைக்கு அடையாளம் தேவை. அழுத்தினால் தானே கழன்றுகொள்ளும் கழுத்துப்பட்டையில் வளர்ப்பவரின் கைப்பேசி எண்ணைப் பொறித்தல் எளிய வழி. இறுகக் கட்டிய பட்டை கிளையிலோ கம்பியிலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரித்துவிடும். கழலாத அடையாளம் 'மைக்ரோசிப்'. அரிசிமணி அளவுள்ள அதனைத் தோள்களுக்கு இடையே தோலின்கீழ் ஊசியால் செலுத்துவர். அதில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகிற் கொண்டுசென்றால் 15 இலக்க எண்ணை அது காட்டும். பூனை இருக்கும் இடத்தை அது தானாக அறிவிக்காது. அவ்வெண்ணோடு உரியவரின் முகவரியைப் பதிந்து வைத்தால்தான் பயன் உண்டு.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கக் காப்பகங்களில் நடத்தி 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, அங்கு வந்துசேர்ந்த தெருப்பூனைகளுள் இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவானவையே உரியவரிடம் திரும்பின. மைக்ரோசிப் பொருத்திய பூனைகளுள் 38 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை வீடு திரும்பின.

தொலைந்தால் தேடும் முறை

தொலைந்த பூனை நெடுந்தொலைவு சென்றிருக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். காணாமற்போன 1210 பூனைகளைப் பற்றி 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. கண்டெடுக்கப்பட்டவற்றுள் நான்கில் மூன்று, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்கு உள்ளேயே இருந்தன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஏழு நாளுக்குள் மீட்கப்பட்டன. நேரில் சென்று தேடுதலே சிறந்த பயன் அளித்தது.

அஞ்சிய பூனை அசையாது, ஒலியெழுப்பாது பதுங்கியிருக்கும். வளர்த்தவர் அழைத்தாலும் மறுமொழி தாராது. ஆதலால் 'அழைத்தேன், வரவில்லை. இங்கு இல்லை' என்று முடிவு செய்தல் தவறு. அண்டை வீட்டாரின் ஒப்புதலுடன் கொட்டகை, மாடிப்படியின் அடி, விறகடுக்கு, வடிகால், கூரை இடுக்கு ஆகியவற்றைக் கண்ணால் கண்டு உறுதி செய்யவேண்டும். ஊர் அடங்கிய பின்னிரவே தேடுதற்கு ஏற்ற வேளை. பூனையின் விழிக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உள்ளது. கைவிளக்கின் ஒளி பட்டதும் இருளில் அதன் கண்கள் மின்னும். அண்டை வீட்டார் பூட்டிச் சென்ற அறைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுதலும் இன்றியமையாதது.

அறிவிப்பில் பூனையின் ஒளிப்படம், தொலைந்த இடம், நாள், தொடர்பு எண் ஆகியவை பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். ஆந்திரத்தோடு இணைந்திருந்த திருத்தணி, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தமிழகத்தோடு சேர்ந்தது. ஆயினும் இவ்வூரின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் இணைந்தே ஒலிக்கின்றன. எல்லை ஊரில் ஒட்டப்படும் அறிவிப்பு இரு மொழியிலும் அமைதல் அறிவுடைமை. மொழி அறியாதாரும் படிக்கத்தக்கவை படமும் எண்ணும்.

சகுனமும் சட்டமும்

பூனை குறுக்கே வந்தால் தீங்கு நேரும் என்னும் நம்பிக்கை இன்னும் நிலவுகிறது. கரிய பூனைகளே இதனால் பெரிதும் துரத்தப்படுகின்றன. வங்கத்திலோ குழந்தைகளைக் காப்பவளாக வணங்கப்படும் சஷ்டி தேவியின் ஊர்தி பூனையாகும். அத்தேவியை முருகனின் துணைவியாகிய தேவசேனையோடு ஒன்றாகக் கருதுவாரும் உண்டு. ஓரிடத்தில் தீக்குறியாகக் கருதப்படும் உயிர் மற்றோரிடத்தில் தெய்வ ஊர்தியாகிறது எனின், குறி பூனையிடத்தில் இல்லை என்பது தெளிவு. சாலையைக் கடக்கும் பூனைக்குத்தான் வாகனத்தால் தீங்கு நேர்கிறது.

விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் 1960ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்கு முன்னோடியாகத் தனிநபர் முன்வரைவைக் கொண்டுவந்தவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வளர்த்த விலங்கைப் பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும் நிலையில் கைவிடுதல் இச்சட்டத்தின்படி குற்றமாகும். தொல்லை தருகிறது என்று பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவருதலும் அதனுள் அடங்கும்.

பூனை கேட்பவை பெரியன அல்ல. ஒரு கிண்ணம் நீர், உரிய உணவு, ஆண்டிற்கொரு முறை மருத்துவரின் பார்வை, கழுத்தில் ஓர் எண், கதவை மூடுமுன் ஒருகணம் உள்ளே நோக்கும் கண் ஆகியவையே அதன் வாழ்நாளை நீட்டிப்பவை. நன்கு காக்கப்படும் வீட்டுப்பூனை பதினைந்து ஆண்டுகள் வரையும் அதற்கு மேலும் வாழ்தல் உண்டு. பள்ளிச் சிறுவர் ஒருவர் கையில் ஏந்தி வந்த குட்டி, அவர் கல்வி முடித்துப் பணியில் சேர்ந்த பின்னும் அதே திண்ணையில் அவர் வரவை நோக்கி அமர்ந்திருக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. தெருவில் தொலைந்த பூனையைக் கண்டறிய உதவும் அறிவிப்பு ஒன்றைத் தமிழிலும் நீங்கள் அறிந்த வேறொரு மொழியிலும் உருவாக்குக.
2. உங்கள் வீட்டிலுள்ள பொருள்களுள் பூனைக்குத் தீங்கு தரக்கூடியவற்றைக் காரணத்துடன் பட்டியலிடுக.
3. 'சகுனம் பூனையிடத்தில் இல்லை' என்னும் கருத்தை ஒட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.